இரண்டாவது பிரசவத்துக்கு முன் மூத்த பிள்ளையின் அன்றாடத்தைக் கைமாற்றுவது எப்படி

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் எனக்குக் கட்டுச்சோறு விருந்து நடந்தது. என் தாய் வீட்டார் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒறம்பரை சனம் (உறவினர்கள்) கூடி உண்டு முடித்த பின் கைநிறைய வளையலுடன் என்னைத் தாராபுரம் பக்கத்திலுள்ள தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அதன் பிறகு பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகும் வரைக்கும் ஒரு தம்ளரைக்கூட நான் கழுவி வைத்ததில்லை. இரண்டாவது பிள்ளைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் தலைப்பிரசவம் தாய் வீட்டுக் கடமை, அடுத்தது கணவன் வீட்டுப் பொறுப்பு என்பதே வழக்கம். "ஒண்ணு பெத்தவதானுங்க, அவளுக்கு எல்லாந் தெரியும்" என்ற ஒரே சொல்லோடு அக்கறை முழுவதும் முடிந்துவிடுகிறது. சொல்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பிரசவம் என்றால் என்ன என்பது இவளுக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை என்று ஒன்பது மாதத்தைக் கடத்துவது எப்படி என்பது அவளுக்கும் புதிது.

இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டாவது முறை பல்லடம் பக்கத்தில் தறிக்குடோனை (தறிகள் ஓடும் கூடத்தை) ஒட்டிய வீட்டில் இருந்தபடியே எல்லாவற்றையும் சமாளித்தவள் என்ற முறையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். மூத்த பிள்ளையின் குளியல், சாப்பாடு, தூக்கம், பள்ளிப் பயணம் ஆகிய அனைத்தும் அம்மாவின் இரண்டு கைகளிலேயே இருக்குமானால், அவற்றைப் பிரசவத்துக்கு முன்பே, ஐந்தாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதத்துக்குள், ஒவ்வொன்றாக வேறு கைகளுக்கு மாற்றிவிட வேண்டும். பிரசவத்தன்று ஒரே நாளில் எல்லாம் மாறினால், அம்மாவைப் பறித்துக்கொண்டது புதிதாக வந்த பாப்பாதான் என்று மூத்த பிள்ளை எண்ணுவதில் வியப்பில்லை.

முதல் மூன்று மாதங்கள்: பதிவும் பழைய காகிதங்களும்

மசக்கை தொடங்கியவுடன் செய்ய வேண்டிய வேலை, உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குவது. முதல் பிள்ளைக்குப் பதிந்தது இதற்குப் போதாது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனியாகப் பதிய வேண்டும். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்கள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அலைகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் முதல் இரண்டு பிரசவங்களுக்கும் உரியது. ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் என்ற கணக்கில் வரும் அந்த உதவிக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருப்பது முக்கியம் என்பதால், சோர்வாக இருந்தாலும் இந்த ஒரு வேலையைத் தள்ளிவைக்காதீர்கள்.

முதல் பிரசவத்தின் காகிதங்களைத் தேடி எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். அப்போது சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்ததா, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிள்ளையின் எடை என்ன, ஆயுதம் போட்டார்களா, அறுவை சிகிச்சை என்றால் எதற்காகச் செய்தார்கள், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு அதிகமாக இருந்ததா என்ற விவரங்கள் இந்த முறை உங்களைப் பார்க்கும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தாய்க்கு நெகட்டிவ் இரத்த வகையும் தகப்பனுக்குப் பாசிட்டிவ் வகையும் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்பதைப் பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தில் பாருங்கள். அந்த இரத்தப் பொருத்தமின்மை பெரும்பாலும் முதல் பிள்ளையை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் பாதிக்கும். இரண ஜன்னித் தடுப்பூசிக்கும் பழைய அட்டை தேவை. மூன்று ஆண்டுக்குள் முந்தைய கர்ப்பத்தில் இரண்டு ஊசி போட்டிருந்தால் இந்த முறை ஒரு பூஸ்டர் போதும்.

முதல் பிரசவம் அறுவை சிகிச்சையாக இருந்தவர்கள் இரண்டாவதைச் சுகப்பிரசவமாக முயலலாமா என்பதை, பழைய தையல் எப்படிப்பட்டது, இடைவெளி எவ்வளவு என்பதைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முயல்வதானால் எந்நேரமும் அறுவை அரங்கும் இரத்தமும் கிடைக்கும் பெரிய மருத்துவமனையாக இருப்பது அவசியம்.

வேலைக்குப் போகிறவர்கள் விடுப்புக் கணக்கையும் இப்போதே பேசி வைக்க வேண்டும். உயிருடன் இருக்கும் பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கும் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஆகவே இரண்டாவது பிரசவத்துக்கும் முழு 26 வாரம் கிடைக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்கள் இதை இ.எஸ்.ஐ. வழியாகப் பெறுகிறார்கள். அதற்குச் சந்தா கட்டிய நாட்கள் கணக்கில் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதால், மசக்கை தாளாமல் இடையில் வேலையை விட்டுவிடுவதற்கு முன்பு கம்பெனி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்னாதீர்கள்

இரண்டாவது முறை கர்ப்பமாக இருப்பவள் உட்கார்ந்து சாப்பிடுவது அரிது. பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, அது துப்பியதும் தள்ளியதும் போக மிச்சமிருப்பதை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். நானும் மூன்று மாதம் வரையில் அப்படித்தான் இருந்தேன். இதில் இரண்டு தவறுகள் உள்ளன. உண்ட அளவு எவ்வளவு என்றே தெரியாமல் போவது ஒன்று. மற்றொன்றைப் பலர் அறிவதில்லை: சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ என்ற வைரஸ் இருக்கலாம், பிள்ளைக்கு அதனால் தொல்லை இருக்காது, ஆனால் கர்ப்ப காலத்தில் தாயைத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் காது கேட்கும் திறன் முதலியவற்றைப் பாதிக்கக்கூடும். பெரியவர்கள் பலருக்கு இது முன்பே வந்து போயிருக்கும் என்பதால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. பிள்ளையின் எச்சில் சோற்றையும் கரண்டியையும் தவிர்த்து, மூத்திரத் துணி மாற்றிய பின் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போதும். முத்தத்தை உதட்டில் வாங்காமல் நெற்றியில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதன் பிறகு ஊட்டுங்கள். அல்லது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு சேர்ந்து சாப்பிடுங்கள். நம் வீடுகளில் சாதாரணமாகச் செய்யும் அரிசியும் பருப்புஞ்சோறு, பச்சைப்பயறு கடைசல், ராகிக்களி, கீரை, முட்டை ஆகியவையே போதும்; தனிச் சமையல் தேவையில்லை. நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று என 180 நாட்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ விழுங்கினால் அது உடம்பில் சேர்வது குறையும்; கால்சியம் மாத்திரையையும் அதனுடன் சேர்க்காமல் வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை மறக்காமல் விழுங்கிய மாத்திரையை இரண்டாவது முறை மறந்துவிடுகிறோம். மூத்த பிள்ளைக்கு இரவுப் பால் கொடுத்துத் தூங்க வைத்த பின் ஒரு மணி நேரம் கழித்து என்று ஒரு நேரத்தைக் கட்டிவைத்த பிறகுதான் எனக்கு விடுபடாமல் போயிற்று.

மூத்த பிள்ளை இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வேப்பெண்ணெய் தடவி நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. சிக்கலில்லாத கர்ப்பத்தில் பால் கொடுப்பது பொதுவாகத் தீங்கு செய்வதில்லை; இரத்தக்கசிவோ குறைப்பிரசவ அச்சமோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். மாதம் ஏற ஏறப் பால் குறைந்து சுவையும் மாறுவதால் பல பிள்ளைகள் தாமாகவே விலகிக்கொள்கின்றன. தூக்குவதும் அப்படித்தான். குனிந்து இடுப்பால் தூக்காமல், நீங்கள் திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்துகொண்டு "ஏறி வா கண்ணு" என்று மடிக்கு அழைக்கும் பழக்கத்தை நான்காம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். "அம்மா வயித்துல பாப்பா இருக்குது, அதனால தூக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதுகு வலிக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. இல்லையென்றால் அன்றைக்கே பாப்பாவின் மேல் முதல் குற்றம் எழுதப்பட்டுவிடும்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது

இரண்டாவது முறை வயிற்றுத் தசைகள் முன்பே தளர்ந்திருப்பதால் வயிறு முந்திக்கொண்டு தெரியும். அசைவும் முதல் முறையைவிடச் சில வாரங்கள் முன்னதாகவே தட்டுப்படும். ஆகவே நான்காம் மாதத்துக்கு மேல் மறைத்து வைக்க முடியாது. பால் ஊற்ற வரும் அக்காவோ கடைக்காரரோ பிள்ளையிடம் முதலில் சொல்லிவிடுவதற்கு முன்பு நீங்கள் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு மாதக் கணக்கு புரியாது. "மாரியம்மன் நோம்பி வந்து, கம்பம் நட்டு, எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் பாப்பா வரும்" என்று அதற்குத் தெரிந்த ஒரு நாளைக் குறியாக வைத்துச் சொன்னால் புரிந்துகொள்ளும். விளையாட ஒரு தோழன் வருவான் என்று மட்டும் ஆசை காட்டக் கூடாது. வந்த பாப்பா ஆறு மாதத்துக்குத் தூங்கும், அழும், பால் குடிக்கும், அவ்வளவுதான் செய்யும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவைப்பதே நல்லது.

இங்கே வீட்டுக்கு வருபவர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. "இனி உன்னை யாரு கண்டுக்குவா?", "உன்னையத் தவுட்டுக்குத்தான் வாங்குனாங்க, இதுதான் உங்கம்மா பெத்தது" என்ற பேச்செல்லாம் நம் ஊரில் காலங்காலமாக வேடிக்கைக்குச் சொல்வதுதான். சொன்னவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார், பிள்ளை மட்டும் இரவு விழித்துக்கொண்டு, "அம்மா, தவுடு எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்கும். என் மகள் அப்படிக் கேட்டபோது அவளுக்கு மூன்றரை வயது. அன்றிலிருந்து எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "அப்படிச் சொல்லாதீங்க, அவ மனசுல வெச்சுக்கறா" என்று முகத்துக்கு நேராகவே சொல்லப் பழகினேன். நான் சொல்ல முடியாத இடத்தில் என் அத்தை சொன்னார். இத்தகைய பேச்சைத் தடுக்க மாமியாரைவிடச் சிறந்த ஆள் கிடையாது. அவர் ஒரு முறை சொன்னால் ஊர் முழுவதும் நிறுத்திக்கொள்ளும். அவரிடம் தனியாக உட்கார்ந்து, குறை சொல்லும் குரலில் இல்லாமல் உதவி கேட்கும் குரலில் சொல்லுங்கள்.

மூத்த பிள்ளையை நிறுத்தி வைத்து "அம்மா வயித்துல தம்பியா, பாப்பாவா?" என்று கேட்டு, அதன் வாயில் வருவதைக் குறியாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் வேண்டாம். பிள்ளை "தம்பி" என்று சொன்னவுடன் எல்லோரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள், "பாப்பா" என்றால் முகம் சுருங்குகிறது. மூத்தது பெண்ணாக இருந்தால் அந்தச் சுருக்கத்தின் பொருள் அதற்கு உடனே விளங்கிவிடும். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை எல்லோரும் அறிவார்கள்; வீட்டுக் கூடத்தில் ஒரு பிள்ளையின் வாய் வழியாக அதே கேள்வியைக் கேட்பதையும் நாமாகவே நிறுத்திவிட வேண்டும்.

வேலைகளைக் கைமாற்றும் முறை

ஒரு தாளை எடுத்து, காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு தூங்கும் வரை மூத்த பிள்ளைக்கு நீங்கள் செய்யும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பல் துலக்குவது, வெளிக்குப் போனால் கழுவிவிடுவது, பால் ஆற்றுவது, குளியல், தலை வாருவது, ஊட்டுவது, பால்வாடிக்கோ பள்ளிக்கோ கொண்டு விடுவது, மதியத் தூக்கம், மாலை விளையாட்டு, இரவுச் சோறு, கதை, தூக்கம் என்று வரும். நான் எழுதிய தாளில் பதினேழு வேலைகள் இருந்தன. அவற்றில் பதினாறு என்னுடையவை, பள்ளி வேன் நிற்கும் இடத்தில் கொண்டு விடுவது மட்டும் என் கணவருடையது. அவர் சோம்பேறி அல்லர். விடிய ஐந்து மணிக்குத் தறி ஓட்டத் தொடங்கினால் இரவுதான் நிறுத்துவார். பதினாறு என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் எனக்கும் நிலைமை புரிந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு வேலை என்ற கணக்கில் மாற்றுங்கள். ஒரே வாரத்தில் நான்கு வேலைகளை மாற்றினால் பிள்ளை முரண்டு பிடிக்கும், எல்லாம் பழையபடி உங்களிடமே திரும்பும். எளியதில் தொடங்காமல், பிரசவத்துக்குப் பின் உங்களால் செய்யவே முடியாத வேலைகளில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. உட்கார்ந்து கதை சொல்வதை நாலாம் நாளே உங்களால் செய்ய முடியும். குனிந்து குளிப்பாட்டுவதைத் தையல் ஆறும் வரையில் செய்ய முடியாது. எனவே குளியல் முதலில், பிறகு தலை வாருவது, பிறகு இரவில் எழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது.

குளியல் எளிதாகவே மாறியது. தறியை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து, தொட்டியிலிருந்து குண்டாவில் மோந்து ஊற்றி அப்பா ஆடும் ஆட்டம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தலைதான் பெரும்பாடாக இருந்தது. முதல் நாள் தேங்காயெண்ணெயை இரண்டு கை நிறைய ஊற்றிக்கொண்டு, சீப்பை உச்சியிலிருந்து நேராக இழுத்தார். அவள் போட்ட சத்தத்தில் அத்தை அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். நான் எழுந்து போய்ச் சீப்பை வாங்கியிருந்தால் அன்றோடு அது முடிந்திருக்கும். கட்டிலை விட்டு எழாமல், நுனி முடியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலாகச் சிக்கெடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நூல் அறுந்தால் கண்ணிமைப் பொழுதில் முடிச்சுப் போடும் விரல்களுக்கு மூன்று கால் பின்னல் வராமல் போகுமா? ஒரு வாரத்தில் இரண்டு சடையும் ஒரே உயரத்தில் வந்தன. ரிப்பன் கட்டும் முடிச்சு மட்டும் தறி முடிச்சாகவே இருந்தது. மாலையில் அவிழ்ப்பதற்குத்தான் நேரமாகும்.

இதில் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது, குறுக்கே போகாமல் இருங்கள் என்பதே. சோப்புப் போகாமல் காதோரம் வெள்ளையாக நின்றாலும், சட்டைப் பொத்தான் மாறிப்போட்டு வந்தாலும், ஊட்டும்போது அரைமணி நேரம் கூடுதலாக ஆனாலும், அதைத் திருத்தக் கை நீட்டாதீர்கள். அப்பாவோ ஆத்தாவோ (அப்பாவின் அம்மா) செய்தது சரியில்லை, அம்மா செய்தால்தான் சரி என்று பிள்ளை நினைத்துக்கொண்டால் நீங்கள் பிரசவ அறையில் இருக்கும்போது அது பட்டினி கிடக்கும்.

இரவுத் தூக்கத்தை மாற்றுவது எல்லாவற்றிலும் கடினம், அதற்கு ஒன்றரை மாதமாவது ஆகும். முதலில் அம்மா, பிள்ளை, அப்பா என்று இருக்கும் படுக்கை வரிசையில் பிள்ளையை அப்பாவுக்கு அந்தப் பக்கமாகச் சுவரோரம் படுக்க வையுங்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் ஒருக்களித்துப் படுக்கும் உங்களுக்கும் பிள்ளையின் கால் வயிற்றில் படாமல் இருக்கும். பிறகு தண்ணீர் கேட்டால் அப்பாதான் எழ வேண்டும் என்று வையுங்கள். அதற்குப் பிறகு, அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டிலோ ஆத்தாவின் அறையிலோ மாதம் ஒரு இரவு, அடுத்து இரண்டு இரவு என்று அம்மா இல்லாமல் தூங்கிப் பழக்க வேண்டும். என் மகள் முதல் முறை அப்புச்சி (என் அப்பா) தோட்டத்தில் தங்கியபோது இரவு பதினொரு மணிக்கு அழுது, அவளை மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்து விட்டார்கள். யாரும் அதைத் தோல்வியாகப் பேசவில்லை. அடுத்த மாதம் அவளுடைய பழைய தலையணையையும் என்னுடைய ஒரு நைந்த சேலையையும் கொடுத்து அனுப்பினோம். சேலையைப் போர்த்திக்கொண்டு விடியும் வரையில் தூங்கினாள்.

பள்ளியில் சேர்ப்பது, பாட்டிலை நிறுத்துவது, கட்டிலை மாற்றுவது, கால்சட்டை நனையாமல் பழக்குவது ஆகிய மாற்றங்களைப் பிரசவத்துக்கு முன் இரண்டு மாதமும் பின் இரண்டு மாதமும் தொடவே தொடாதீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உங்களுக்கு நாள் நெருங்கியிருந்தால், ஏப்ரலிலேயே அந்தப் பள்ளியை இரண்டு மூன்று முறை காட்டிவைப்பது ஓரளவு உதவும். மூத்த பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் இந்த இடைவெளியில் சரிபாருங்கள். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய முத்தடுப்பு பூஸ்டர் விடுபட்டிருந்தால் போட்டுவிடுங்கள். கக்குவான் இருமல் பள்ளியிலிருந்து பச்சைப் பிள்ளைக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் மூத்த பிள்ளைதான். அதற்கு அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவதோடு அன்றைக்கே மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

எங்கே பெற்றுக்கொள்வது

தாய் வீடா, கணவன் வீடா என்பதில் எது வழக்கம் என்று பார்க்காமல், மூத்த பிள்ளை எங்கே இயல்பாக இருக்கும், நள்ளிரவில் வண்டி எங்கே கிடைக்கும், இரவில் உடன் படுக்க யார் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் வைத்து முடிவு செய்யுங்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) காற்றும் அமைதியும் உண்டு, ஆனால் தார் ரோட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும் என்றால் கடைசி மாதம் அங்கே இருக்கக் கூடாது. பள்ளிக்குப் போகும் பிள்ளையை மூன்று மாதம் நிறுத்தி உடன் அழைத்துச் செல்வதையும் நான் விரும்பவில்லை, விட்டுவிட்டுப் போவதையும் விரும்பவில்லை. நாங்கள் கண்ட வழி, நான் பல்லடத்திலேயே இருப்பது, என் அம்மா தோட்டத்துப் பால் கறவையை என் அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு ஒன்பதாம் மாதம் இங்கே வந்து தங்குவது என்பதாக இருந்தது. சம்பந்தி வீட்டில் தங்குவதற்கு அவர் கூச்சப்பட்டார். அத்தை போனில் கூப்பிட்டு, "நீங்க வந்தாத்தானுங்க எனக்கும் ஒத்தாசை" என்று சொன்ன பிறகே கிளம்பினார். இந்த ஒரு அழைப்பை மாமியார்தான் செய்ய வேண்டும், மகனோ மருமகளோ சொன்னால் போதாது.

கிளம்பும் நாளுக்கான ஏற்பாடு

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட விரைவாக நடக்கும். முதல் முறை வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தது என்ற நினைப்பில் இந்த முறையும் காத்திருந்தால் வழியிலேயே பிள்ளை பிறந்துவிடக்கூடும். வலி சீராகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினாலே கிளம்பிவிட வேண்டும். பழைய தையல் உள்ளவர்கள் அதற்கும் காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ, தாங்க முடியாத தலைவலியோ கண் மங்கலோ முகவீக்கமோ வந்தாலோ, நல்ல நேரம் பார்க்காமல் உடனே போக வேண்டும். 108 எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அரசு மருத்துவமனையில் பெற்றவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விட 102 என்ற இலவச ஊர்தி இருக்கிறது.

ஒரு பை உங்களுக்கும், இன்னொரு பை மூத்த பிள்ளைக்கும் ஒன்பதாம் மாதத் தொடக்கத்திலேயே கட்டி வையுங்கள். உங்கள் பையில் பிக்மி எண் எழுதிய அட்டை, ஸ்கேன் காகிதங்கள், ஆதார், வெளுத்துக் காய்ந்த பழைய பருத்திச் சேலைத் துணிகள் இருந்தால் போதும். மூத்த பிள்ளையின் பையில் நான்கு உடுப்பு, தலையணை, அந்தச் சேலை, காய்ச்சல் மருந்து இருக்கட்டும். நள்ளிரவில் போக நேர்ந்தால் யார் வந்து பிள்ளையுடன் படுப்பார் என்பதை இரண்டு பேரிடம் சொல்லி வைக்க வேண்டும், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் மற்றவர் இருப்பார். தூங்கும் பிள்ளையிடம் சொல்லாமல் போவது எளிதாகத் தெரியும். ஆனால் விழித்துப் பார்க்கும்போது அம்மா இல்லை என்பது பல நாட்களுக்கு அதைத் தூங்கவிடாது. ஒரு நிமிடம் எழுப்பி, "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன், விடிஞ்சதும் அப்பா வந்து தல சீவிவிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுதால் அழட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருத்துவமனையில் மூத்த பிள்ளை பார்க்க வரும்போது பாப்பா உங்கள் கையில் இல்லாமல் தொட்டிலிலோ அமுச்சியின் மடியிலோ இருக்கட்டும். உங்கள் கை இரண்டும் மூத்ததற்காகக் காலியாக இருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஆலம் சுற்றும்போதும் அதைப் பக்கத்தில் நிறுத்திச் சேர்த்தே சுற்றச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் பாப்பாவுக்குச் சட்டையும் சோப்புப் பெட்டியும் கொண்டுவருவார்கள்; மூத்ததற்கு எதுவும் இருக்காது. அத்தை ஒரு டப்பா நிறையக் கடலை மிட்டாயும் வளையலும் வாங்கி அலமாரியில் வைத்திருந்து, யார் வந்தாலும் அதில் ஒன்றை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்து மகளுக்குக் கொடுக்கச் செய்தார். எங்கே கற்றார் என்று கேட்டேன். தனக்குத் தம்பி பிறந்தபோது தான் நின்ற வாசற்படி இன்னும் நினைவிருக்கிறது என்றார்.

பாப்பா பால் குடிக்கும்போது வயிறு இழுத்துப் பிடிக்கும் வலி இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கூடுதலாக இருக்கும். கர்ப்பப்பை சுருங்குவதால் வருவது அது. சில நாட்களில் அடங்கிவிடும், தாங்காவிட்டால் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பதிந்துவிட்டுப் பிறகு ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். காரணமில்லாத அழுகையும், எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கறதுதான்" என்று விட்டுவிடாமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

முதல் நாற்பது நாட்களுக்கு, கைமாற்றிய வேலைகளில் எதையும் திரும்ப வாங்காதீர்கள். மூத்த பிள்ளை வந்து கேட்கும், உங்களுக்கும் மனம் கேட்காது. அந்த நேரத்தில் வேலையைத் தராமல் நேரத்தைத் தாருங்கள்: பாப்பா தூங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் அதன் பக்கத்தில் படுத்திருப்பது போதும். மூன்று மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரட்டும். எங்கள் வீட்டில் முதலில் கதை என்னிடம் வந்தது, பிறகு இரவுச் சோறு வந்தது. தலை வாருவது மட்டும் வரவேயில்லை. மகள் இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், காலையில் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு அவள் போவது தறிக்குடோனுக்குத்தான்.